முதல் கவுன்: உங்கள் உடம்பளவுக்கு வெட்டித் தைக்க ஒரு வழிகாட்டி

புதிதாகத் தைக்க வருகிறவர்களின் முதல் கவுன் சரியாக உட்காராமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். மார்பளவு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தோள், கழுத்து, ஆர்ம்ஹோல் (கை நுழையும் வளைவு) எல்லாவற்றையும் அதிலிருந்தே கணக்குப் போட்டு வெட்டிவிடுகிறார்கள். 36 மார்பளவு உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு முதுகு அகலம். இன்னொருவருக்குத் தோள் குறுகல், மார்பகம் நிறைவு. இருவருக்கும் ஒரே பேட்டர்னில் (காகிதத்தில் வரைந்த வெட்டு மாதிரியில்) வெட்டினால் முதலாமவருக்கு முதுகு பிடிக்கும், இரண்டாமவருக்குத் தோள் வழிந்து கழுத்து வாய் பிளந்து நிற்கும். உடுப்பு முழுவதும் தொங்குவது தோளிலிருந்துதான். ஆகவே இங்கே எல்லாமே மேலிருந்து கீழே போகும்: முதலில் தோள், அது உட்கார்ந்த பிறகு மார்பு, பிறகு இடை, பிறகு சீட் (இடைக்குக் கீழே உடம்பு அகலமான பகுதி), கடைசியில் கீழ் மடிப்பு.

தைக்கப்போவது கையில்லாத, தலை வழியாகப் போடும் கவுன். ஜிப் கிடையாது, இடையில் வெட்டும் கிடையாது. முன் பீஸ் ஒன்று, பின் பீஸ் ஒன்று, முன்பக்கம் இருபுறமும் பக்கவாட்டில் ஒவ்வொரு டார்ட் (உள்ளே மடித்துத் தைக்கும் முக்கோண மடிப்பு), கழுத்துக்கும் ஆர்ம்ஹோலுக்கும் கிராஸ் பட்டி (இழைக்குச் சாய்வாக வெட்டிய பட்டி). கை வைப்பதை இரண்டாவது கவுனுக்குத் தள்ளிவையுங்கள். ஆர்ம்ஹோல் சரியில்லாத உடுப்பில் எப்படிப்பட்ட கை வைத்தாலும் அது இழுக்கத்தான் செய்யும்.

துணி

முதல் முயற்சிக்கு பாப்ளின் போன்ற நடுத்தர கனமுள்ள பருத்தித் துணி எடுங்கள். மடித்தால் மடிந்த இடத்திலேயே நிற்கும், வெட்டும்போது நழுவாது, தையலைப் பிரித்தாலும் ஓட்டை தெரியாது. சாட்டின், ஷிஃபான், நீளும் பின்னல் துணி எல்லாம் இப்போது வேண்டாம். கோடும் கட்டமும் கூடத் தள்ளிப்போடலாம். பக்கத் தையலில் கட்டம் பொருத்துவது தனி வேலை.

40 இஞ்ச் நீளக் கவுனுக்கு 44 இஞ்ச் அகலத் துணி என்றால் 2½ மீட்டர் வேண்டும், ஏனென்றால் இரண்டு பீஸும் பக்கத்தில் பக்கத்தில் கொள்ளாது, ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வரும். 58 இஞ்ச் அகலம் என்றால் 1¾ மீட்டர் போதும்.

வாங்கியதும் வெட்டாதீர்கள். பிறகு எப்படித் துவைப்பீர்களோ அப்படியே ஒருமுறை துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டு வெட்டுங்கள். 5 சதவீதம் சுருங்கும் துணி என்றால் 40 இஞ்ச் கவுன் முதல் துவைப்பில் 2 இஞ்ச் குட்டையாகிவிடும். பக்கத் தையலும் சேர்ந்து இழுத்துக்கொள்ளும்.

கருவிகளில் கஞ்சத்தனம் கூடாத இடம் ஒன்று உண்டு: துணிக்கென்றே ஒரு கத்தரிக்கோல். காகிதம் வெட்டிய கத்தரிக்கோல் துணியைக் கடிக்கும், வெட்டாது. மற்றபடி இஞ்ச் டேப், நீள ஸ்கேல், துணியில் குறிக்கும் சாக், குண்டூசி, தையல் பிரிக்கும் கருவி, பெரிய காகிதம், இஸ்திரிப் பெட்டி போதும். ஒத்திகை பார்க்க ஒரு பழைய பருத்திப் போர்வையோ படுக்கை விரிப்போ எடுத்து வையுங்கள். அது இந்த வேலையில் விட்டுவிடக்கூடாத பொருள்.

அளவு எடுப்பது

இந்தக் கவுனுக்குள் வழக்கமாக என்ன உள்ளாடை போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு அளவெடுங்கள். இடையில் ஒரு நாடாவை லேசாகக் கட்டிக்கொண்டு இரண்டு முறை குனிந்து நிமிருங்கள். நாடா எங்கே போய் நிற்கிறதோ அதுதான் இடை. எல்லா நீள அளவுகளும் அங்கே வந்து முடியும். முடிந்தால் இன்னொருவரை அளவெடுக்கச் சொல்லுங்கள். நாமே குனிந்து டேப்பைப் பார்த்தால் மார்பளவும் முதுகளவும் தவறாகத்தான் வரும்.

கணக்கை விளங்கிக்கொள்ள ஒரு மாதிரி அளவை வைத்துக்கொள்வோம். அக்குளை ஒட்டி, மார்பகத்துக்கு மேலே டேப்பைச் சுற்றி எடுப்பது மேல்மார்பு: 33½. மார்பகம் நிறைந்த இடத்தில் சுற்றி எடுப்பது மார்பு: 36. சீட், இடைக்குச் சுமார் 8 இஞ்ச் கீழே மிக அகலமான இடத்தில்: 39. பின்னால் ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனை வரை: 14½. தலைச்சுற்று: 22. மார்பு நுனிக்கும் நுனிக்கும் இடையில்: 7½. கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து மார்பு நுனி வரை: 10½. கவுனின் முழு நீளம்: 40.

இன்னும் இரண்டு அளவுகள். பலரும் விட்டுவிடுவது இவற்றைத்தான். கழுத்தும் தோளும் சேரும் அதே இடத்திலிருந்து பின்பக்கமாக இடை நாடா வரை ஒன்று: 16. அதே இடத்திலிருந்து முன்பக்கமாக, மார்பு நுனியைத் தொட்டபடி நாடா வரை இன்னொன்று: 17¼. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1¼ இஞ்ச். உங்கள் டார்ட்டின் அகலம் அதுதான். மார்பகத்தின் மேல் ஏறி இறங்க முன்பக்கத்துக்கு அவ்வளவு துணி கூடுதலாக வேண்டும். பக்கத் தையலில் அந்தக் கூடுதலை டார்ட் விழுங்கிக்கொள்ளும். சரிபார்க்க ஒரு வழி உண்டு: மார்பளவிலிருந்து மேல்மார்பைக் கழித்துப் பாதியாக்குங்கள். 36-இல் 33½ போனால் 2½, அதில் பாதி 1¼. இரண்டு வழியிலும் கிட்டத்தட்ட ஒரே எண் வந்தால் அளவு சரி. ½ இஞ்சுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளந்து பாருங்கள்.

வயிறு முன்னால் தள்ளியிருப்பவர்கள், அல்லது பின்பக்கம் நிறைவாக உள்ளவர்கள், சீட் அளவை முன்பாதி, பின்பாதி என்று தனித்தனியாக எடுங்கள். உடம்பின் பக்கவாட்டில் பக்கத் தையல் எங்கே வர வேண்டுமோ அங்கிருந்து அளக்க வேண்டும். மொத்தத்தை நான்கால் வகுத்து வெட்டினால் பக்கத் தையல் ஒரு பக்கமாக ஓடிவிடும்.

காகிதத்தில் வரைவது

முதலில் பின் பீஸ். காகிதத்தின் இடது ஓரம்தான் நடு முதுகு, துணியின் மடிப்பு அங்கே வரும். மேலே ஒரு படுக்கைக் கோடு போட்டு அதிலிருந்து கீழே அளந்துகொண்டு போங்கள்: 8 இஞ்சில் மார்புக் கோடு, 16-இல் இடை, 24-இல் சீட், 40-இல் கீழ் ஓரம். மார்புக் கோட்டுக்கான 8 எங்கிருந்து வந்தது என்றால், மேல்மார்பில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 8⅜, அதில் ½ இஞ்ச் கழித்தால் கிட்டத்தட்ட 8. கையில்லாத உடுப்பு என்பதால்தான் அந்த ½ குறைக்கிறோம், இல்லையென்றால் உள்ளாடை தெரியும். மார்பளவில் நான்கில் ஒன்று எடுத்து ஆர்ம்ஹோலை 9 இஞ்சுக்கு இறக்குவதுதான் வழக்கமான தவறு. ஆர்ம்ஹோல் ஆழமானால் வசதி கூடும் என்று தோன்றும், ஆனால் கையைத் தூக்கும்போது கவுன் முழுவதும் மேலே ஏறும்.

மேல் கோட்டில் இடது ஓரத்திலிருந்து 3½ இஞ்ச் கழுத்து அகலம். தோள் அளவில் பாதி 7¼. கையில்லாததால் ½ குறைத்து 6¾-இல் புள்ளி வைத்து, அங்கிருந்து 1½ இஞ்ச் கீழே இறங்குங்கள். அந்தப் புள்ளியையும் கழுத்துப் புள்ளியையும் சேர்த்தால் தோள் சரிவு. பின் கழுத்து ஆழம் 3, முன் கழுத்து ஆழம் 5. இரண்டு வளைவுகளையும் வரைந்த பிறகு டேப்பை நிமிர்த்திப் பிடித்து வளைவின் மேலேயே அளந்து, இரட்டிப்பாக்கிக் கூட்டுங்கள். இந்த எண்களுக்குச் சுமார் 23¾ வரும். தலைச்சுற்று 22 என்பதால் தாராளமாகப் போகும். கழுத்துச் சுற்று தலைச்சுற்றைவிட 1 இஞ்சாவது கூட இருக்க வேண்டும். சின்னக் கழுத்துதான் வேண்டும் என்றால் பின்னால் 5 இஞ்ச் பிளவு விட்டு ஒரு பட்டனும் நூல் வளையமும் வைத்துக்கொள்ளலாம்.

மார்புக் கோட்டில் அகலம்: 36-உடன் 3 இஞ்ச் லூஸ் சேர்த்து நான்கால் வகுத்தால் 9¾. இடையில் 9½. இடையை இன்னும் ஒடுக்கமாக வைக்கத் தோன்றும்; வேண்டாம். ஜிப் இல்லாத கவுனின் இடைச் சுற்று உங்கள் மார்புச் சுற்றைவிடச் சற்றுக் கூடுதலாகவாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் தோளையும் மார்பையும் தாண்டி இறங்காது. 9½ என்றால் மொத்தம் 38, போதும். சீட்டில் 39-உடன் 4 லூஸ் சேர்த்து நான்கால் வகுத்து 10¾. கீழ் ஓரத்தில் 13. இந்த நான்கு புள்ளிகளையும் மெல்லிய வளைவாகச் சேருங்கள், எங்கும் முழங்கை போல முனை நிற்கக்கூடாது. கீழ் ஓரத்தில் பக்கத்து முனையை ½ இஞ்ச் மேலே தூக்கி வளைத்து விடுங்கள். பக்கக் கோடு சாய்வாக இறங்குவதால் அது நடுக்கோட்டைவிட நீளம்; தூக்காமல் விட்டால் இரண்டு பக்கமும் காது போலத் தொங்கும்.

ஆர்ம்ஹோல் வளைவு தோள் முனையிலிருந்து பின்பக்கம் ¼ இஞ்ச், முன்பக்கம் ¾ இஞ்ச் உள்ளே குழிந்து, பிறகு வெளியே திரும்பி மார்புக் கோட்டின் முனையைத் தொட வேண்டும். கை முன்னால்தான் அசைகிறது என்பதால் முன்பக்கக் குழிவு எப்போதும் கூடுதல்.

முன் பீஸும் இதே மாதிரிதான். கழுத்து ஆழம் மாறும், ஆர்ம்ஹோல் குழிவு மாறும், அத்துடன் மார்புக் கோட்டுக்குக் கீழே உள்ள இடை, சீட், கீழ் ஓரம் மூன்றும் டார்ட் அகலமான 1¼ இஞ்ச் கீழே இறங்கும். மார்பு நுனியைக் குறியுங்கள்: கழுத்துப் புள்ளி மட்டத்திலிருந்து 10½ கீழே, நடுக்கோட்டிலிருந்து 3¾ தள்ளி. பக்கக் கோட்டில் 10½-லும் 11¾-லும் இரண்டு புள்ளிகள். இவைதான் டார்ட்டின் வாய். டார்ட்டின் முனை மார்பு நுனிக்கு 1 இஞ்ச் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். நுனி வரை கொண்டுபோனால் அங்கே கூம்பு போல ஒரு புடைப்பு நிற்கும்.

இப்போது வெட்டுவதற்கு முன் காகிதத்திலேயே டார்ட்டை மடித்து, தைத்தபின் இருப்பதுபோலக் கீழ்நோக்கிப் படிய வையுங்கள். மடித்த நிலையிலேயே பக்கக் கோட்டை வெட்டுங்கள். விரித்துப் பார்த்தால் டார்ட்டின் வாயில் கூரை முகடு போல ஒரு சின்ன முக்கோணம் நீட்டிக்கொண்டிருக்கும். அது வெட்டுப் பிசகு என்று நினைத்து நறுக்கிவிடாதீர்கள். அந்த முக்கோணம் இல்லையென்றால் டார்ட் தைத்தபின் அதன் அடிப்பக்கம் பக்கத் தையலில் சிக்காமல் பள்ளம் விழும்.

தையல் இடத்தை வெளியே தனியாகச் சேருங்கள்: கழுத்துக்கும் ஆர்ம்ஹோலுக்கும் ⅜ இஞ்ச், தோளுக்கு ½, பக்கங்களுக்கு 1, கீழ் ஓரத்துக்கு 1½. பக்கத்துக்கு 1 இஞ்ச் தாராளம்தான்; உடம்பு மாறும்போது விடுவதற்குக் கையில் துணி இருக்கும்.

ஒத்திகை

பழைய விரிப்பில் இந்தப் பேட்டர்னை வெட்டி, நடு முன், நடு முதுகு, மார்பு, இடை, சீட் கோடுகளைப் பேனாவால் வரையுங்கள். மெஷினில் இருப்பதிலேயே நீளமான தையலை வைத்து டார்ட், தோள், பக்கம் மட்டும் தையுங்கள். கழுத்திலும் ஆர்ம்ஹோலிலும் தையல் இடத்தை ½ இஞ்சுக்கு ஒரு முறை சின்னதாக வெட்டிவிட்டுப் போட்டுப் பாருங்கள். வெட்டாமல் போட்டால் அந்த ⅜ இஞ்ச் துணி கழுத்தை நெரிப்பது போலத் தெரியும். அதை நம்பி வளைவை ஆழமாக்கியவர்களின் கவுன்தான் கடைசியில் கழுத்து அகன்று தோளில் நிற்காமல் வழியும்.

கண்ணாடி முன் நேராக நின்று, உடம்பை முறுக்காமல், மூன்று பக்கமும் படம் எடுத்துப் பாருங்கள். திரும்பித் திரும்பிப் பார்த்தால் துணியும் சேர்ந்து திரும்பி இல்லாத சுருக்கத்தைக் காட்டும். படிக்கும் முறை இதுதான்: துணி எங்கே போதவில்லையோ அந்த இடத்தை நோக்கி இழுப்புக் கோடுகள் விறைப்பாகப் போகும், எங்கே மிச்சமோ அங்கே மடிப்பு தளர்ந்து தொங்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்திவிட்டு மறுபடி பாருங்கள். தோளைச் சரிசெய்ததும் மார்பில் இருந்த இழுப்பு தானாகவே மறைந்துபோவது அடிக்கடி நடக்கும்.

கழுத்தடியிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக மடிப்பு விழுகிறதா? தோள் சரிவு கூடியவர் நீங்கள். தோள் முனையில் மட்டும் ¼ முதல் ½ இஞ்ச் பிடியுங்கள் (தையலை உள்ளே தள்ளுங்கள்), கழுத்துப் பக்கம் பூஜ்யத்தில் முடியட்டும். காகிதத்தில் எவ்வளவு தோளை இறக்கினீர்களோ அவ்வளவே ஆர்ம்ஹோலின் அடியையும் இறக்குங்கள். இல்லையென்றால் அக்குள் அறுக்கும். மாறாகப் பின் கழுத்தடியில் படுக்கையாக ஒரு சுருக்கம் திரண்டு நின்றால் தோள் நேரானது. முனையில் தையலை விட்டுக்கொடுங்கள்.

மார்பில் இழுப்பு என்றால் திருத்தம் கொஞ்சம் பெரியது. முழுமையாகவே சொல்ல வேண்டும். அடையாளங்கள்: மார்பு நுனியிலிருந்து அக்குளுக்கும் பக்கத் தையலுக்கும் விறைப்பான கோடுகள், முன்பக்கக் கீழ் ஓரம் மட்டும் மேலே தூக்கிக்கொள்வது, பக்கத் தையல் முன்னோக்கி வளைவது. மார்பு மட்டத்தில் பக்கத் தையலைப் பிரித்துவிடுங்கள். துணி விலகி நிற்கும் இடைவெளியை ஒரு பக்கத்தில் அளங்கள்; ¾ இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். முன் பீஸின் காகிதத்தில் கீழ் ஓரத்திலிருந்து நடுக்கோட்டுக்கு இணையாக மார்பு நுனி வரை ஒரு கோடு, அங்கிருந்து திரும்பி ஆர்ம்ஹோலின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் முடியுமாறு அதன் தொடர்ச்சி. இரண்டாவது கோடு டார்ட்டின் நடு வழியே பக்கத்திலிருந்து மார்பு நுனி வரை. முதல் கோட்டைக் கீழிருந்து வெட்டிக்கொண்டு போய் ஆர்ம்ஹோல் தையல் கோட்டுக்கு ஒரு நூலளவு முன்னால் நிறுத்துங்கள். இரண்டாவதைப் பக்கத்திலிருந்து வெட்டி மார்பு நுனிக்கு ஒரு நூல் முன்னால் நிறுத்துங்கள். அந்த ஒட்டிய இடங்கள் கதவுக் கீல் போல வேலை செய்யும். பக்கத் துண்டை வெளியே நகர்த்துங்கள். நுனியிலிருந்து கீழ் ஓரம் வரை இடைவெளி ஒரே சீராக ¾ இஞ்ச் இருக்க வேண்டும். அப்படி நகர்த்தும்போதே டார்ட் தானாகத் திறந்து அகலமாகும். பக்கத் துண்டு கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், நடுத்துண்டு குட்டையாகத் தெரியும். மார்புக்குக் கீழே நடுத்துண்டைப் படுக்கையாக வெட்டி, இரண்டின் கீழ் ஓரமும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை இறக்குங்கள். இடைவெளிகளின் பின்னால் காகிதம் ஒட்டி, டார்ட்டை மறுபடி வரைந்து, மடித்து, முகட்டை வெட்டுங்கள். இடையிலும் ¾ கூடியிருக்கும். வேண்டாமென்றால் பக்கக் கோட்டில் அதைக் குறைத்துக்கொள்ளலாம். தோளும் கழுத்தும் தொடப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மார்பு பிடிக்கிறது என்று ஒரு அளவு பெரிய பேட்டர்ன் எடுத்தால் நன்றாக இருந்த தோளும் கெட்டிருக்கும்.

முன் கழுத்து வாய் பிளந்தால் அந்த மிச்சத்தைக் குண்டூசியால் பிடித்து அளங்கள். ஒரு பக்கம் ½ இஞ்ச் என்றால், காகிதத்தில் கழுத்திலிருந்து மார்பு நுனி வரை ஒரு கோடு வெட்டி, டார்ட்டின் நடுவையும் வெட்டி, கழுத்தில் வெட்டிய இரு ஓரங்களையும் ½ இஞ்ச் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டுங்கள். மூடிய அளவுக்கு டார்ட் திறந்துகொள்ளும். ஆர்ம்ஹோல் பிளந்தாலும் இதே வைத்தியம்தான். நீளம் கழுத்தில் மிச்சமாகி மார்பில் குறைந்திருக்கிறது, அதை இடம் மாற்றுகிறோம்.

பின்னால் இடைக்கு மேல் படுக்கையாக மடிப்பு சேர்கிறது என்றால் அவசரப்பட வேண்டாம், இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலில் சீட் பகுதியில் பக்கத் தையலை இருபுறமும் பிரித்துவிடுங்கள். மடிப்பு மறைந்து கவுன் இறங்கினால் சீட் இறுக்கம்தான் காரணம். அங்கே லூஸ் விட்டால் போதும். பிரித்த பிறகும் மடிப்பு நின்றால் முதுகின் கீழ்ப்பகுதி உள்வளைந்த உடம்பு அது. நடு முதுகில் ½ இஞ்ச் பிடித்து, பக்கத் தையலில் பூஜ்யமாக முடியுமாறு படுக்கையாக மடியுங்கள். ஆனால் இதைக் காகிதத்துக்கு மாற்றும்போது நடு முதுகுக் கோடு உடைந்து கோணலாகும், இனி அதைத் துணி மடிப்பில் வைத்து வெட்ட முடியாது. நடு முதுகுக்கும் தையல் இடம் விட்டு, இரண்டு பீஸாக வெட்டி ஒரு தையல் கொடுக்க வேண்டும்.

எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகு உட்காருங்கள், குனியுங்கள், கைகளை முன்னால் நீட்டி எதையாவது எடுங்கள். நிற்கும்போது மட்டும் அழகாக இருக்கும் கவுன் அலமாரியில்தான் தூங்கும்.

வெட்டுவது

துணியின் கரைக்கு (நெசவிலேயே முடிந்த நீள ஓரத்துக்கு) இணையாகப் பேட்டர்னின் நடுக்கோடு போக வேண்டும். வெட்டப்பட்ட ஓரத்தை நம்பாதீர்கள், கடையில் கிழித்தோ வெட்டியோ கொடுத்தது கோணலாக இருக்கலாம். குறுக்கு இழை ஒன்றை உருவினால் அதன் தடம் நேர்கோடாகத் தெரியும், அங்கே வெட்டி நேராக்குங்கள். இழை கோணலாக வெட்டிய கவுன் இரண்டு துவைப்பில் காலைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும்; அதற்கு மருந்தே இல்லை.

58 இஞ்ச் துணியில் இரண்டு கரைகளையும் நடுவுக்கு மடித்துக் கொண்டுவந்தால் இரு பக்கமும் மடிப்பு கிடைக்கும். ஒரு பக்கம் முன் பீஸ், மறுபக்கம் பின் பீஸ். பூ ஒரே பக்கம் பார்க்கும் டிசைன் என்றால் இரண்டையும் ஒரே திசையில் வையுங்கள். டார்ட்டின் வாய், இடை, நடுக்கோடு ஆகிய இடங்களில் ஓரத்தில் ⅛ இஞ்ச் வெட்டுக்குறி போடுங்கள். டார்ட்டின் முனையைக் குண்டூசி குத்தி உள்பக்கம் சாக்கால் குறியுங்கள். மீதித் துணியில் 45 பாகைக் கோணத்தில் 1¼ இஞ்ச் அகலத்துக்குக் கிராஸ் பட்டி வெட்டிக்கொள்ளுங்கள்.

தைப்பது

பாப்ளினுக்கு 14 நம்பர் ஊசி, தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர். அதே துணியின் இரண்டு மடிப்பில் முதலில் தைத்துப் பாருங்கள். அடியில் நூல் வளையம் வளையமாக வந்தால் பாபினை (அடிநூல் சுற்றிய உருளையை) குறை சொல்லத் தோன்றும், ஆனால் தவறு பெரும்பாலும் மேல் நூலில். ஃபுட்டை (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை) இறக்கி வைத்த நிலையில் நூல் கோத்திருந்தால், மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்குள் நூல் இறங்கியிருக்காது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு மறுபடி நூலைக் கோத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய உடனே கழுத்திலும் ஆர்ம்ஹோலிலும் ஓரத்திலிருந்து ¼ இஞ்சில் ஒற்றைத் துணியில் ஒரு தையல் ஓட்டுங்கள். வளைவு கிராஸாக இருப்பதால் கையில் எடுத்து வைக்கும்போதே நீண்டுவிடும், இந்தத் தையல் அதைப் பிடித்து வைக்கும்.

டார்ட்டை அகலமான வாயிலிருந்து தொடங்கி முனையை நோக்கித் தையுங்கள். கடைசி நான்கைந்து தையல் மடிப்பை ஒட்டி, ஏறக்குறைய அதன் மேலேயே ஓட வேண்டும். முனையில் ரிவர்ஸ் போடாதீர்கள். நூலை நீளமாக விட்டு வெட்டி, கையால் இரண்டு முடிச்சு. ரிவர்ஸ் போட்டால் அங்கே முண்டு நிற்கும். சுருட்டிய துண்டின் மேல் டார்ட்டை விரித்து வைத்துக் கீழ்நோக்கி இஸ்திரி போடுங்கள். மேசை மேல் தட்டையாக அழுத்தினால் தைத்த வளைவே போய்விடும்.

அடுத்து தோள்கள். தைத்து, ஓரத்தை ஓவர்லாக்கோ ஜிக்ஜாகோ அடித்து, விரித்து இஸ்திரி. பிறகு கழுத்துப் பட்டி. பட்டியின் ஒரு ஓரத்தை ¼ இஞ்ச் உள்ளே மடித்து இஸ்திரி போடுங்கள். மடிக்காத ஓரத்தை நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேர்த்து, ஒரு தோளிலிருந்து தொடங்கி ⅜ இஞ்சில் தையுங்கள். முன் கழுத்து வளைவில் பட்டியைச் சற்றே இழுத்துப் பிடிக்க வேண்டும். கழுத்து 23¾ என்றால் சேர்மானம் போகப் பட்டி 23¼ அளவில் முடிய வேண்டும். தளர்வாகத் தைத்தால் கழுத்து உடம்பை விட்டு எழும்பி நிற்கும், அதிகமாக இழுத்தால் கழுத்தைச் சுற்றிச் சுருக்கம் விழும். தையல் இடத்தை ¼ இஞ்சாகக் குறைத்து, தையலைத் தொடாமல் ½ இஞ்சுக்கு ஒரு வெட்டு. எல்லாத் தையல் இடத்தையும் பட்டிப் பக்கம் தள்ளி, பட்டியின் மேல் ஓரத்தை ஒட்டி ஒரு தையல் ஓட்டுங்கள். பட்டி வெளியே எட்டிப் பார்க்காமல் இருப்பதற்கு இந்த ஒரு தையல்தான் காரணம். பிறகு உள்ளே திருப்பி, மடித்த ஓரத்தை மெஷினிலோ கையாலோ அடியுங்கள்.

ஆர்ம்ஹோலுக்கும் இதே பட்டிதான், ஆனால் பக்கத் தையலுக்கு முன்பே, துணி விரிந்து கிடக்கும்போதே வைத்துவிடுங்கள். பட்டியோடு சேர்த்துப் பக்கத்தைத் தைத்தால் பின்னாளில் பிடிக்கவோ விடவோ வேண்டிவரும்போது பட்டியைப் பிரிக்கும் வேலை இல்லை. பக்கங்களை அக்குளிலிருந்து கீழே தைத்து வாருங்கள். இரண்டு பட்டி முனைகளும் ஒரே மட்டத்தில் நிற்கட்டும்.

கீழ் ஓரத்தை அன்றே மடிக்காதீர்கள். கவுனை ஒரு நாள் முழுவதும் ஹாங்கரில் தொங்கவிடுங்கள். விரிந்த பக்கங்களில் துணி பாதி கிராஸாக ஓடுவதால் அங்கே இறக்கம் விடும். மறுநாள் போட்டுக்கொண்டு, இன்னொருவரைத் தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் ஒரே உயரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். முதலில் ½, பிறகு 1 இஞ்ச் மடிப்பு. விரிந்த ஓரம் என்பதால் வெளி விளிம்பின் சுற்றளவு உள்ளே போய் உட்காரும் இடத்தைவிடக் கூடுதல். விளிம்பில் நீளத் தையல் ஒன்று ஓட்டி, அந்த நூலை லேசாக இழுத்துச் சுருக்கிக்கொண்டு மடித்தால் கீழ் மடிப்பு கோணாமல் படியும்.

ஏற்கெனவே இருக்கும் கவுனை மாற்ற

தைத்த உடுப்பைத் திருத்தும்போது ஒரு கணக்கு பலரையும் ஏமாற்றும். பக்கத் தையலை ஒவ்வொரு புறமும் ½ இஞ்ச் உள்ளே தள்ளித் தைத்தால் குறைவது 1 இஞ்ச் அல்ல, 2 இஞ்ச். இரு பக்கமும் முன், பின் என்று நான்கு இடத்தில் ½ போகிறது. 1 இஞ்ச்தான் குறைய வேண்டும் என்றால் ¼ தள்ளினால் போதும். பழைய தையலைப் பிரிப்பதற்கு முன் புதிய தையலைப் போட்டு, அணிந்து பார்த்து, பிறகு பிரியுங்கள்.

கவுனைப் பெரிதாக்கத் தையலை விடுவதற்கு முன் உட்புறத்தைத் திருப்பி எவ்வளவு துணி இருக்கிறது என்று பாருங்கள். ⅜ இஞ்ச் மட்டும் இருந்து ஓவர்லாக் அடித்திருந்தால் அதை நம்பி விட முடியாது. அக்குளிலிருந்து கீழ் ஓரம் வரை இருபுறமும் வேறு துணியில் ஒரு பட்டை வைத்து இணைக்கலாம். தைத்தபின் 2 இஞ்ச் நிற்க வேண்டும் என்றால் தையல் இடம் சேர்த்து 3 இஞ்ச் அகலத்தில் வெட்டுங்கள். சுற்றில் 4 இஞ்ச் கூடும். பக்கத்தைப் பிடிப்பதால் தோள் சரியாகாது. தோள் ஒரு பக்கத்துக்கு 1 இஞ்சுக்கு மேல் வெளியே வழியும் கவுனை அக்குளில் எவ்வளவு பிடித்தாலும் அது வழியும். அதைக் கையில்லாததாக்கி, ஆர்ம்ஹோலைத் தோள் முனையிலிருந்து புதிதாக வரைந்து வெட்டி, கிராஸ் பட்டி வைத்துவிடுவதே நல்லது.